அண்ணனிடம் கணக்குக் கேட்கலாமா?

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பாதையோரத்தில் ஒரு வீடு இருக்கிறது. இருபது பேர்ச் காணி. நான்கு அறைகள். வீதியைப் பார்த்தபடி இரண்டு கடையறைகள். முப்பத்தைந்து ஆண்டுகள் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த ஒருவர், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமலாப நிதியோடு மனைவியின் நகைகளை விற்ற பணத்தையும் சேர்த்து வாங்கிய வீடு அது. அவர் என் நண்பர். செய்தி சேகரிக்க ஊவாவுக்குப் போகும் நாட்களில் அந்த வீட்டு வாசலில் அமர்ந்து, நமுனுகுல மலையைப் பார்த்தபடி அவரோடு தேநீர் குடித்த பொழுதுகள் பல.

2015 ஆம் ஆண்டு அவர் தமது மரணசாசனத்தை எழுதினார். தமிழ்நாட்டு வாசகர்கள் உயில் என்று சொல்வதைத்தான் இலங்கையில் நாங்கள் மரணசாசனம் என்கிறோம். நொத்தாரிசு முன்னிலையில் கையெழுத்திட்ட இரண்டு சாட்சிகளில் நானும் ஒருவன். வீடும் காணியும் நான்கு பிள்ளைகளுக்கும் சம பங்கு. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். மூத்த மகன் நிறைவேற்றுநர். நொத்தாரிசின் அலுவலகப் படியில் இறங்கும்போது நண்பர் என் தோளில் கைவைத்து, "மூத்தவன் பாத்துக்குவான்தானே?" என்று கேட்டார். "பார்த்துக்கொள்வார்" என்றேன். அமைச்சர்களையும் தோட்ட முகாமையாளர்களையும் ஆயிரம் கேள்விகள் கேட்டுப் பிழைத்தவன் நான். அன்று கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை: பார்த்துக்கொள்பவர் யாருக்கு, எப்போது கணக்குக் காட்டுவார்?

2018 இல் நண்பர் காலமானார். மனைவி அவருக்கு முன்பே போய்விட்டார். மூத்த மகன் பதுளை மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசனத்தைச் சமர்ப்பித்து, நிறைவேற்றுநர் என்பதற்கான அத்தாட்சியையும் பெற்றுக்கொண்டார். இதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது. கடந்த மாதம் இளைய மகளிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது.

"மாமா, அப்பா போனதுலருந்து கடை வாடகையை அண்ணந்தான் வாங்குறாரு. நாங்க யாரும் ஒண்ணும் கேக்கல. இப்ப வீட்டையே விக்கப் போறாராம். அளக்குறதுக்கு ஆளு வந்துட்டுப் போயிருக்காங்க. கேட்டா, அப்பா எனக்குத்தான் அதிகாரம் குடுத்தாருங்கிறாரு. அண்ணங்கிட்ட கணக்குக் கேட்டா தப்புங்களா மாமா?"

அந்தக் கேள்விக்கு அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல என்பது என் எண்ணம். யாழ்ப்பாணம், சென்னை, டொரொன்டோ, மெல்பேர்ண் என்று நம்மவர் வாழும் எந்த ஊரிலும் இதே கேள்வி ஏதோ ஒரு வீட்டில் கேட்கப்படாமல் கிடக்கிறது.

முதலில் 'அதிகாரம்' என்ற சொல்லைப் பார்ப்போம். மரணசாசனம் ஒருவரை நிறைவேற்றுநராக நியமிக்கும்போது அவருக்குக் கொடுப்பது ஒரு வேலை. இறந்தவரின் சொத்துகளைத் திரட்டுவது, கடன்களைத் தீர்ப்பது, மிஞ்சியதைச் சாசனம் சொன்னபடி உரியவர்களிடம் ஒப்படைப்பது. இந்த மூன்றையும் செய்வதற்குத் தேவையான அதிகாரம் அவருக்கு உண்டு. வங்கிக்குப் போகலாம், வழக்குத் தொடுக்கலாம், கடன் தீர்க்க வேறு வழியில்லையென்றால் சொத்தை விற்கவும் செய்யலாம். வேலை முடிந்ததும் அதிகாரமும் முடிந்துவிடுகிறது. சாவியை வைத்திருப்பதனால் ஒருவர் வீட்டுக்காரர் ஆகிவிடுவதில்லை.

இந்த விடயத்தில் இலங்கைச் சட்டம் பயனாளிகளுக்குச் சாதகமான ஒரு நிலைப்பாட்டை நெடுங்காலமாகவே கொண்டிருக்கிறது. இங்கிலாந்திலும், 1925 ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்தின்படி இந்தியாவிலும், இறந்தவரின் சொத்து அந்தப் பதவியின் பொருட்டு நிறைவேற்றுநரிடமே சேர்கிறது. அவர் அதைப் பிறருக்காக வைத்திருக்கிறார் என்பது அங்கே சட்டத்தின் பார்வை. உரோம டச்சுச் சட்டத்தின் வழிவந்த நமது சட்டம் வேறு வழியில் போனது. அசையாச் சொத்தின் உரிமை, இறந்த அந்தக் கணத்திலேயே வாரிசுகளைச் சென்றடைகிறது என்பதை நமது நீதிமன்றங்கள் நூறாண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டன. 1907 ஆம் ஆண்டின் சில்வா எதிர் சில்வா வழக்கு அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது. கடன் தீர்ப்பது போன்ற நிர்வாகத் தேவைகளுக்காகச் சொத்தைக் கையாளும் உரிமை மட்டுமே நிர்வகிப்பவரிடம் எஞ்சுகிறது. ஆகவே ஸ்பிரிங்வெளிப் பாதையோரத்து வீட்டில், தகப்பனார் கண்ணை மூடிய அன்றே அந்த இளைய மகள் கால்பங்குக்கு உரிமையாளர் ஆகிவிட்டாள். அண்ணன் தர வேண்டும் என்று அவள் காத்திருந்தது, ஏற்கெனவே தன்னுடையதாகிவிட்ட ஒன்றுக்காக.

அப்படியானால் அண்ணன் வீட்டை விற்க முடியுமா? தகப்பனார் விட்டுச்சென்ற கடன் இருந்து, அதைத் தீர்க்க வேறு வழியே இல்லை என்றால் முடியும். இந்தக் குடும்பத்தில் இருந்தது ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடன் ஒன்றுதான். அது முதல் ஆண்டிலேயே அடைபட்டுவிட்டது. அதன் பிறகு நால்வருக்கும் சமமாக எழுதப்பட்ட வீட்டை விற்பதென்றால் நால்வரும் இணங்க வேண்டும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீதிமன்ற அத்தாட்சியைக் கையில் வைத்திருப்பவர், கடனுக்காக விற்கிறேன் என்று சொல்லி உறுதியை எழுதிக் கொடுத்துவிட்டால், நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடமிருந்து காணியை மீட்பது இலேசான காரியமல்ல. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். வாரிசுகள் கடைசியில் அண்ணனிடம் நட்டஈடு கேட்டு நிற்க நேரலாம். எனவேதான் அளக்க ஆள் வந்த அன்றே எழும்ப வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். காணிப் பதிவகத்தில் ஆட்சேப அறிவித்தல் பதியலாம். மரணசாசன வழக்கின் கோப்பு மாவட்ட நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. சட்டத்தரணி மூலம் அங்கே விண்ணப்பம் செய்யலாம்.

கணக்கைப் பற்றி நமது சட்டத்துக்கு எந்தக் கூச்சமும் இல்லை. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைக் கோவை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மரணசாசன நடைமுறைகள் 1993 இல் பெருமளவு திருத்தப்பட்டன. நிறைவேற்றுநர் சொத்துகளின் விபரப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அத்தாட்சி பெற்ற ஓராண்டுக்குள் தமது நிர்வாகத்தின் கணக்கை நீதிமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டும். உரியவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை ஓராண்டு கடந்தும் தகுந்த காரணமின்றிக் கையில் வைத்திருந்தால், அதற்கான வட்டியைத் தமது சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்றுகூட அந்தக் கோவை சொல்கிறது. கணக்கை நீதிமன்றத்தின் முன் வைத்துத் தீர்க்கும்படி பயனாளி விண்ணப்பிக்கலாம். நிலைமை மோசமானால் கொடுத்த அத்தாட்சியைத் திரும்பப் பெறும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. இந்தியச் சட்டமும் இதே திசையில்தான் போகிறது: ஆறு மாதத்தில் பட்டியல், ஓராண்டில் கணக்கு. இங்கிலாந்தில் சொத்தைப் பகிர்வதற்கு நிறைவேற்றுநருக்கு ஓராண்டு அவகாசம் தரப்படுகிறது. மூன்று நாடுகளின் சட்டங்களும் ஓராண்டு என்ற அளவையே முன்வைக்கின்றன. நம்முடைய குடும்பங்களிலோ ஓராண்டு என்பது தலைத்திவசத்துக்கு மட்டுமே உரிய கணக்கு.

ஏன் நாம் கேட்பதில்லை? கேட்டால் அண்ணனைத் திருடன் என்று சொன்னதாகிவிடும் என்று அஞ்சுகிறோம். 'நம்பிக்கை இல்லையா?' என்ற ஒரு சொல்லில் எல்லாக் கேள்விகளும் அடங்கிவிடுகின்றன. தங்கைகளுக்கு இன்னொரு பயமும் உண்டு. பிறந்த வீட்டின் வாசற்படி அடைபட்டுவிடும் என்ற பயம். 'கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு என்ன பங்கு' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மலையகத்தில் இதைச் சிலர் ஏதோ சட்டம் போலவே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சட்டமல்ல. மலையகத் தமிழருக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தாது, கண்டியச் சட்டமும் பொருந்தாது. அவர்களை ஆள்வது நாட்டின் பொதுச் சட்டம். சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால்கூட, 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி பாதி வாழ்க்கைத் துணைக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆணென்றும் பெண்ணென்றும், மணமானவள் மணமாகாதவள் என்றும் அங்கே பேதமில்லை.

நம்பிக்கையின் பேரில் கணக்கைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழருக்கு ஒரு பெரிய வரலாற்றுப் பாடமே இருக்கிறது. சென்னைப் பட்டினத்தில் துபாஷியாக இருந்து பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார், 1794 இல் தமது நாற்பதாவது வயதில் காலமானார். தமது செல்வத்தைக் கோயில் பணிகளுக்கும் அறச்செயல்களுக்கும் விட்டுச்செல்வதாக உயில் எழுதி வைத்திருந்தார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு உரியபடி நிறைவேறவில்லை. பணம் வழக்குகளில் சிக்கிக்கொண்டது. உயிலின் பயனாளிகள் யார்? கோயில்கள், ஏழைகள், இன்னும் பிறக்காத பிள்ளைகள். இவர்களில் யாரும் எழுந்து நின்று கணக்குக் கேட்க முடியாது. கடைசியில் அரசின் தலைமை வழக்கறிஞர் தலையிட்டு, சென்னையிலிருந்த அன்றைய உச்ச நீதிமன்றத்தின் மூலம் அந்த நிதி மீட்கப்பட்டு, தருமகர்த்தாக்களின் குழு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் பணத்தில் 1842 இல் திறக்கப்பட்ட பள்ளிதான் பிற்காலத்தில் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. கணித மேதை இராமானுஜனும், பின்னாளில் முதலமைச்சரான அண்ணாதுரையும் படித்த கல்லூரி. உயில் எழுதியவர் இறந்ததற்கும் பள்ளி திறந்ததற்கும் இடையே நாற்பத்தெட்டு ஆண்டுகள். அந்த இடைவெளியில் படிக்காமல் போன பிள்ளைகளின் கணக்கை எந்த நீதிமன்றமும் எழுதவில்லை.

நிறைவேற்றுநர்கள் எல்லோரையும் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக எண்ண வேண்டாம். இது நன்றி இல்லாத வேலை. நீதிமன்றத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் அலைபவர் அவர்தான். விடுமுறை எடுப்பவரும் சட்டத்தரணிக்குக் கைக்காசு கொடுப்பவரும் அவர்தான். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர் ஒரு கையெழுத்தை அனுப்ப ஆறு மாதம் எடுப்பார். அதே சகோதரர் விற்பனைப் பணத்தை மட்டும் ஆறு நாளில் கேட்பார். இதையெல்லாம் அறிந்துதான் சட்டம், நியாயமான செலவுகளைச் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளவும் ஓரளவு ஊதியம் பெறவும் நிறைவேற்றுநருக்கு இடம் வைத்திருக்கிறது. ஆனால் அதைப் பெறுவதற்கும் வழி கணக்குத்தான். எழுதி வைக்காத செலவை யாரிடம் போய்க் கேட்பது?

இளைய மகள் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான் சொல்லித்தான் எழுதினாள். குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. வாடகை வரவும் செலவும் என்ன, நால்வரும் ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்போமா, அதுவரை விற்பனைப் பேச்சை நிறுத்தி வைப்போமா என்று மட்டும் கேட்டிருந்தாள். இரண்டு நாட்களில் மூத்தவர் என்னிடம் வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"மாமா, நான் திருடனா?"

"உன் அப்பா கணக்கப்பிள்ளை. அவரிடம் தினமும் துரை கணக்குக் கேட்டார். அவர் திருடரா?" என்றேன்.

பதில் சொல்லாமல் போனவர், அடுத்த வாரம் ஒரு பாடசாலைக் கொப்பியோடு வந்தார். ஆஸ்பத்திரிக் கடன், வழக்குச் செலவு, பிரதேச சபை வரி, காற்றில் போன கூரைக்குத் தகரம் என்று எல்லாவற்றையும் திகதியோடு எழுதி வைத்திருந்தார். கூரைக்குத் தமது சொந்தப் பணத்தையே போட்டிருக்கிறார். அது தம்பி தங்கைகளுக்குத் தெரியாது. கொப்பியில் இல்லாதது கடை வாடகை. முதல் எட்டு மாதங்களுக்கு எழுதியிருந்தது. பிறகு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அந்தப் பக்கங்களை நான் புரட்டியபோது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடன்பட்டிருக்கிறார் என்று பிறகு சொன்னார். வீட்டை விற்க நினைத்ததும் அதனால்தான்.

கணக்கு கேட்கப்பட்டிருந்தால் எட்டாவது மாதத்தோடு அந்தக் கொப்பி நின்றிருக்காது என்று நினைக்கிறேன். கேள்வி கேட்பது பங்குதாரரை மட்டுமல்ல, பொறுப்பில் இருப்பவரையும் காப்பாற்றுகிறது. நாலு பேர் பார்க்கும் பணத்தைத் தொட எவருக்கும் கை கூசும். ஒருவரும் பார்க்காத பணத்தில் முதல் மாதம் கடனாக எடுப்பது, ஆறாவது மாதம் உரிமையாக மாறிவிடுகிறது.

இதை இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலச் சட்டத்தில் இறந்தவரின் சொத்துத் தொகுதிக்கும் 'எஸ்டேட்' என்றுதான் பெயர். காப்பிக் காலத்திலிருந்து எஸ்டேட்டில் வாழ்ந்த எங்கள் மக்களுக்கு அந்த இரண்டாவது எஸ்டேட் இருந்ததில்லை. லயக் காம்பிராவுக்கு உறுதி கிடையாது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டையே இல்லாமல் ஆக்கியபோது வீட்டைப் பற்றி யார் பேசினார்கள்? 1970களில் காணிச் சீர்திருத்தத்தின் மூலம் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. லயத்தில் இருந்தவர் லயத்திலேயே இருந்தார். விட்டுச்செல்ல ஒன்றும் இல்லாதவருக்கு மரணசாசனம் எதற்கு?

அந்த நிலைமை இப்போது மெல்ல மாறுகிறது. 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018 இல் மலையகத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை சட்டமூலம் அமைக்கப்பட்டது. போதாது, தாமதம், உறுதி இன்னும் கைக்கு வரவில்லை என்ற குறைகள் எல்லாம் உண்மை. ஆனாலும் தலைமுறைகளுக்குப் பிறகு முதல் தடவையாகப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல ஒரு துண்டு நிலம் சில குடும்பங்களுக்குக் கிடைக்கிறது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். அதை நான்கு பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கும் வீடு மிஞ்சாது. ஆகவே அங்கே யாரோ ஒருவர் பார்த்துக்கொள்பவராக நியமிக்கப்படத்தான் போகிறார். அவரே சொந்தக்காரராக மாறும் கதையும் வீட்டுக்கு வீடு நடக்கத்தான் போகிறது. முதல் உறுதி எழுதும்போதே கணவன், மனைவி இருவரின் பெயரையும் போடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் தாழ்மையான யோசனை.

மரணசாசனம் எழுதப் போகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். ஒருவரைத் தனியே நியமிப்பதைவிட இருவரை நியமியுங்கள். அவர்களில் ஒருவர் மகளாக இருக்கட்டும். எத்தனை மாதத்துக்குள் பகிர வேண்டும் என்பதை எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத்தில் கணக்குத் தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி இருந்தால், கேட்கும் தங்கை கெட்டவள் ஆகமாட்டாள். அண்ணனிடம் கணக்குக் கேட்பது அப்பாவாகவே இருக்கும். சாட்சிக் கையெழுத்துப் போடப் போகிறவர்களும், போடும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.

அந்த வீடு இன்னும் விற்கப்படவில்லை. நால்வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் தம்பி தொலைபேசியில் கலந்துகொள்வாராம். சண்டை வரலாம். வெறும் பக்கங்களுக்கு அண்ணன் பதில் சொல்லத்தான் வேண்டும். அவருடைய கூரைத் தகரத்துக்கும் மற்ற மூவர் பதில் சொல்ல வேண்டும்.

மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் போய் நின்று பாருங்கள். தராசு முள் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு பெண்ணும் எட்டிப் பார்ப்பாள். சாக்குக்கு என்று இரண்டு கிலோ கூடுதலாகக் கழித்தால் அங்கேயே குரல் எழும்பும். நிறுப்பவர் உறவுக்காரர் என்பதற்காக யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. நாளுக்கு இரண்டு கிலோ கொழுந்துக்குக் கேட்கத் தெரிந்த கேள்வியை, தகப்பன் ஆயுள் முழுதும் உழைத்து வைத்த வீட்டுக்கும் கேட்கலாம். தப்பில்லை மகளே.